தகரத் தெருவில் ஒரு தூக்கம்

“எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்டேன், தாயி. இதைவிட நியாயமா எப்படிக் கேட்கறது?”

படியேறி வந்ததும் வராததுமாகக் குணவதி கேட்டாள்.

தாயி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு பனிக்குள் இருந்தது. தாயி குரு; ஆனாலும் வயதில் சின்னவள். அதனால் சிஷ்யை குணவதியை அக்கா என்றே கூப்பிடுவாள்.

“என்ன கேட்டீங்க, அக்கா?”

“பக்கத்து வீட்டுல கஷ்டம்னா போய் விசாரிப்பீங்களா, சோறு குழம்பு கொடுப்பீங்களான்னு.”

அக்கரையில் மூன்று தெருக்கள். மாடு வளர்க்கும் தமிழர் தெரு. வலை பின்னும் மலாய்க்காரர் தெரு. தகரம் தட்டி வாளி செய்யும் சீனர் தெரு.

ஆறு கரையைத் தின்றுகொண்டே வந்தது. மேட்டு நிலத்தில் இரண்டு தெருவுக்குத்தான் இடம். மூன்றாவது தெருவைக் கலைத்து, ஊருக்கு ஒரு குடும்பமாக அனுப்ப வேண்டும். ஒட்டுறவு குறைந்த தெருவைக் கலைப்போம் என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். அளந்து சொல்லும் வேலை குணவதிக்கு வந்தது.

“தமிழர் தெருவுல, இது ஒரு கேள்வியான்னு என்னையே திட்டினாங்க. மலாய்க்காரங்க சிரிச்சாங்க. கொடுக்காம எப்படின்னாங்க. சீனர் தெருவுல வீட்டுக்கு வீடு இல்லைன்னே சொன்னாங்க.”

“அப்போ முடிஞ்சுதே.”

“முடிஞ்சா எனக்கு ஏன் தூக்கம் வரல? கண்ணை மூடினா, அவங்க சட்டி பானையோட ஆளுக்கொரு படகுல போறாங்க. எல்லாப் படகுலயும் நானே துடுப்பு போடறேன்.”

பனியில் ஒரு கொக்கு பாதி தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

“போய் மூணு தெருவுலயும் சும்மா உட்காருங்க, அக்கா. ஒண்ணும் கேட்காதீங்க.”

“கேட்காம எப்படித் தெரியும்?”

தாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

குணவதி போனாள். பனி விலகாத நாட்கள். கரை எந்தப் பக்கம் என்று படகுக்கே மறந்துவிட்டது போலிருந்தது.

ஒரு சாயங்காலம் திரும்பி வந்தாள்.

“தமிழர் தெருவுல டீ கொடுத்தாங்க. குடிச்சு முடிக்கறதுக்குள்ள என் சம்பந்தி பேர் வரைக்கும் கேட்டுட்டாங்க.”

“சரி.”

“மலாய்க்காரத் தெருவுல ஸலேகான்னு ஒருத்தி பாய் விரிச்சா. சோறு போட்டா. ஏன் வந்தேன்னு கேட்கவே இல்ல.”

“சரி.”

“இன்னைக்குச் சீனர் தெரு. ஒரு ஆள் கிட்ட வரல. ஒரு வாய்த் தண்ணி இல்ல. நான் சொன்னது சரிதான், தாயி.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“ஒரு வீட்டு வாசல்ல உட்கார்ந்தேன். எத்தனை நாள் முழிச்ச கண்ணு. சுவத்துல சாஞ்சு தூங்கிட்டேன். முழிச்சா பொழுது சாஞ்சிருந்தது.”

“அவங்க என்ன செஞ்சுட்டிருந்தாங்க?”

“அந்தச் சோம்பேறித்தனத்தை ஏன் கேட்கறீங்க. வேலை நாள்ல, தெரு பூரா கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்கு. ஒருத்தன் தெருமுனையிலயே தள்ளுவண்டியை நிறுத்திட்டு நிக்கறான். உள்ள வரல. ஒரு பொம்பளை குழந்தையைத் தூக்கிட்டு ஆத்துப் பக்கம் போயிட்டா.”

“யார் சொல்லி வேலையை நிறுத்தினாங்க?”

“யாரும் ஒண்ணும் சொல்லிக்கல. அவங்களுக்குள்ள பேச்சே கிடையாதே.”

தாயி அவள் பக்கம் திரும்பினாள்.

“தகரம் தட்டற தெருவுல உங்களுக்கு எப்படித் தூக்கம் வந்தது, அக்கா?”

குணவதி அக்கரைப் பக்கம் திரும்பினாள்.

விளக்கு வைக்கும் நேரம். பனிக்கு அப்பால், அக்கரையில் ஒரு சுத்தியல் விழுந்தது.

பிறகு இன்னொன்று.

பிறகு தெரு முழுவதும்.