பேச்சித்தாய்க்குச் சொல்லாதது

ஆற்றங்கரை ஆசிரமம் ஒன்றுக்கு நீலாம்பிகை அம்மாள் தலைவியாக இருந்தார். அவருடைய சீடர்களில் தாணுமாலயன் அம்மாளைவிடவே வயதில் மூத்தவர். விருந்தினர் விடுதி அவர் பொறுப்பில் இருந்தது.

குருபூசைக்கு ஆட்கள் வரத் தொடங்கிய காலை. விடுதிக் கழிப்பறைப் பக்கமிருந்து இருமல் சத்தம் கேட்டது. விட்டுவிட்டு வந்தது, பிறகு விடாமல் வந்தது. தாணுமாலயன் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார்.

உள்ளிருந்த காற்று அவர் முகத்தில் அறைந்தது. கண் எரிந்தது. தொண்டைக்குள் முள்ளைப் போட்டு இழுத்த மாதிரி இருந்தது. கழிப்பறை கழுவும் பேச்சித்தாய் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். அவளருகே பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளி நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. ஆசிட் கேன் காலியாக உருண்டு கிடந்தது.

துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளை வெளியே இழுத்து வந்தார்.

"கறை போவல ஐயா... ரெண்டையும் சேத்து ஊத்துனேன்..."

அதற்குமேல் அவளுக்கு மூச்சு வரவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பியவர், அம்மாள் முன்னால் வந்து நின்றார்.

"எப்படி இருக்கா?"

"உயிருக்கு ஆபத்தில்லைன்னு டாக்டர் சொல்றார் அம்மா. நுரையீரல் உள்ளுக்குள்ள வெந்துபோச்சாம். பழையபடி மூச்சு விட முடியுமான்னு இப்போ சொல்ல முடியாதாம்."

அம்மாள் கண்களை மூடித் திறந்தார்.

"ரெண்டையும் கலந்தா விஷப்புகை வரும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் அம்மா. கேன்லயே போட்டிருக்கு. வேலை செய்றவங்களுக்குச் சொல்லிடுங்கன்னு கடைக்காரரும் சொன்னார்."

"சொன்னீங்களா?"

தாணுமாலயன் தலை குனிந்தார்.

"வருஷக்கணக்கா கழுவுறவ. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்னு விட்டுட்டேன்."

பிறகு அவரே கேட்டார்.

"அவ விதி அப்படி இருந்தா நாம என்ன அம்மா செய்ய முடியும்?"

அம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை தாணுமாலயன் விடுதிக்குப் போனபோது அந்தக் கழிப்பறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அம்மாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். காலடியில் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளி. இரண்டு கைகளிலும் ஆசிட் கேனைத் தூக்கி, அதற்கு நேர் மேலே சாய்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ! அம்மா! வேண்டாம்!"

அம்மாள் எதிரில் அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. பாய்ந்துபோய்க் கேனைப் பிடுங்கினார். ஈரத்தில் கால் வழுக்கி முழங்கால் தரையில் மோதியது. கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதன் மூடி இன்னும் திறக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

ஆனாலும் கேனைக் கீழே வைக்கவில்லை.

"என்ன காரியம் அம்மா செய்ய இருந்தீங்க! செத்துப்போயிருப்பீங்களே!"

அம்மாள் குனிந்து அவரைப் பார்த்தார்.

"இந்த ஆசிரமத்துக்கு வந்த புதுசுல எனக்குக் கொடுத்த வேலையே இந்தக் கழிப்பறைங்களைக் கழுவுறதுதான். வருஷக்கணக்கா கழுவியிருக்கேன். எனக்குத் தெரியாமலா இருக்கும்னு நீங்க ஏன் விட்டுடல?"