பதினாலு மாத்திரை

படக்.

கொட்டகைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தபிறகுதான் தணிகாசலம் நகர்வார். அட்டையிலிருந்து மாத்திரை பிதுங்கி விழும் சத்தம். அப்புறம் கரண்டித் தண்ணீரில் அது கரைகிற நேரம். அப்புறம் குழந்தையின் அழுகை.

"உள்ள போய் எட்டிப் பாக்காதீங்க. சத்தம் கேட்டாப் போதும்" என்று ஜெபராணி சிஸ்டர் சொல்லியிருந்தாள். "தினம் ஒண்ணு. பதினாலு கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

ஐம்பத்தொரு வயதுக்காரர் முப்பத்திரண்டு வயது நர்ஸைக் குரு என்று சொன்னபோது செங்கல் சூளையே சிரித்தது. "யோவ், ஒன் குரு மந்திரம் சொல்லுவாங்களா, ஊசி போடுவாங்களா?" என்று மேஸ்திரி கேட்காத நாளில்லை. குடியை விட்டபிறகு கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவளுடைய மருந்துப் பெட்டியைத் தூக்கத் தொடங்கியவர் தணிகாசலம். இரண்டு வருஷமாகிறது. அவள் ஒருநாளும் சீடன் என்று சொன்னதில்லை. அண்ணே என்பாள்.

அந்தக் கொட்டகை பச்சையம்மாவுடையது. போன சீசன் முடிந்து இரண்டு பிள்ளைகளோடு ஊருக்குப் போனவள், இந்த சீசனுக்கு ஒன்றோடு திரும்பியிருந்தாள். என்ன ஆயிற்று என்று யாரும் கிளறவில்லை. மிச்சமிருந்த ஒன்றரை வயது தர்ஷினிக்கு இப்போது வயிற்றுப்போக்கு. உப்பு சர்க்கரைக் கரைசலும் ஜிங்க் மாத்திரையும் கொடுத்ததில் நான்காம் நாள் நின்றது.

ஐந்தாம் நாள் சத்தம் வரவில்லை. பச்சையம்மாவே வெளியே வந்தாள்.

"பெரியப்பா, புள்ளைக்கு நின்னுடுச்சு. எப்படி ஓடுது பாருங்க. அந்தத் துரு ருசிக்கு மூஞ்சைத் திருப்பிக்குது. மீதி பத்தை வச்சிக்கிறேன். அடுத்த தடவைக்கு ஆவும்."

குழந்தை உடைந்த செங்கல் ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஓடியது. அவருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

"சரிம்மா. பத்திரமா வை."

அவள் அட்டையைக் கூரை ஓலையில் செருகினாள்.

ஏழாம் நாள் சிஸ்டர் வந்தாள்.

"எத்தனை கேட்டீங்கண்ணே?"

"நாலு." பொய் சொல்லும் பழக்கம் குடியோடு போயிருந்தது. "நோய்தான் போயிடுச்சே சிஸ்டர். போனதுக்கப்புறம் மருந்து யாருக்கு?"

அவள் பச்சையம்மாவைக் கைகாட்டி அழைத்துக்கொண்டு சூளைப் பக்கம் நடந்தாள். தணிகாசலம் பெட்டியோடு பின்னால் போனார்.

மூன்று நாளுக்கு முன் எரிந்து முடிந்த சூளை. புகை இல்லை. மேலே பூசிய மண் மட்டும் வெடித்துக் கிடந்தது.

"மேஸ்திரி, தீ நின்னுடுச்சே. இன்னிக்கே பிரிச்சு லாரியில ஏத்திடலாமா?"

மேஸ்திரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நல்லாக் கேட்டீங்க சிஸ்டர்! அடுப்புல இருக்கற சோத்துப் பானையா, தூக்கி இறக்கி வைக்க? இன்னும் பத்து நாள் ஆவும். இப்போ பிரிச்சா காத்து பட்டுக் கல்லு கல்லா விரிசல் வுடும். அடுத்த மழைக்கு மண்ணாப் பூடும்."

"நெருப்புதான் இல்லையே?"

"வெளிய இல்ல. உள்ள கைய வுட்டுப் பாருங்க. இங்க கல்லறுக்கற பொம்பளைங்களைக் கேளுங்க, யாருக்குத் தெரியாது இது?"

பச்சையம்மா சூளையின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் காய்ந்த மண்ணை மற்றக் கையால் உதிர்த்தாள்.

"பெரியவனுக்கும் நாலு நாள்ல நின்னுச்சு" என்றாள். யாரும் கேட்டிருக்கவில்லை. "மாத்திரையும் குடுத்தாங்க. நின்னுடுச்சேன்னு தூக்கி வச்சிட்டேன். ஊருக்குப் போயி ஒரு மாசம் நல்லா ஓடினான். மறுபடி வந்துச்சு. ஒரே நாளு."

பிறகு திரும்பி, கொட்டகையைப் பார்த்து நடந்தாள். பாதி வழியில் நடை ஓட்டமாயிற்று.

தணிகாசலத்துக்கு அவள் போவதைப் பார்க்க முடியவில்லை. யார்மேல் என்று தெரியாத கோபம் வந்தது.

"அதை இப்படியா சொல்றது, சிஸ்டர்? புள்ளையும் செங்கல்லும் ஒண்ணா?"

"இல்லண்ணே" என்றாள் ஜெபராணி. "செங்கல்லு போனா வேற அறுத்துக்கலாம்."

அவர் பெட்டியோடு கொட்டகை வாசலுக்குப் போய் நின்றார்.

உள்ளே கூரை ஓலை சரசரத்தது.

படக்.

"அஞ்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார் தணிகாசலம். கரைகிற நேரம்வரை நின்றார். குழந்தை அழுதது. பெட்டியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு அடுத்த கொட்டகைக்கு நடந்தார்.