மாப்பிள்ளையின் மூன்று கம்ப்யூட்டர்களுக்குக் காவல் இருந்த கதை

கிட்ட வந்து உட்காருங்கள். தள்ளி உட்கார்ந்தால் நான் சிரிப்பதுதான் கேட்கும், கதை கேட்காது.

இதில் வரும் மூன்று முட்டாள்களில் முதல் ஆள் நான். அடுத்தது என் மச்சான் வீரபத்திரன். மூன்றாவது என் சகலை பொன்னுரங்கம். அவர்தான் எங்களில் அறிவாளி. எட்டாவது வரைக்கும் போனவர்.

என் மாப்பிள்ளை இன்பசேகர் மாடி அறையில் ஒரே பெட்டியை வைத்து, அதற்குள் மூன்று தனித்தனிக் கம்ப்யூட்டர் இருப்பது மாதிரி ஓட்டிப் பழகுவார். திரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் கட்டம். அன்றைக்கு அவருக்குக் கோயமுத்தூரில் வேலைக்கு இன்டர்வியூ. கிளம்பும்போது திரையைக் காட்டிச் சொன்னார்:

"மாமா, பச்சைக் கட்டம் ஓடுது. சாம்பல் அணைஞ்சிருக்கு. மஞ்சளைப் பாதியில நிறுத்தி வெச்சிருக்கேன். செஞ்ச வேலையெல்லாம் விட்ட இடத்துலயே இருக்கும். சரியா மூணு மணிக்கு அதுல 'தொடர்' பட்டனை அழுத்துங்க. அங்கேயிருந்து நெட் வழியா அதைக் காட்டினாத்தான் எனக்கு வேலை. கண்ணெடுக்காமப் பார்த்துக்குங்க."

அவர் தெருமுனை தாண்டவில்லை, மச்சான் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டார்.

"மூணுன்னாரே மச்சான், ஒண்ணைக்கூடக் காணோமே!"

"திருட்டுப் போயிருக்கும்" என்றேன்.

"மூணையும் எடுத்த திருடன் மூடியை எதுக்கய்யா மாட்டிட்டுப் போறான்?" என்றார் சகலை. "அணைஞ்சது இருட்டுல தெரியலை. நிறுத்தினது இங்கதான் எங்கேயோ நிக்கும். தேடுங்க."

டார்ச் அடித்துத் தேடினோம். ஒரு பல்லி முட்டை கிடைத்தது. அது எந்தக் கம்ப்யூட்டர் என்று முடிவாகவில்லை.

பிறகு கண்ணெடுக்காமல் பார்க்க உட்கார்ந்தோம். இமைத்தால் பார்வை போய்விடுமே? முறை போட்டுக்கொண்டோம்.

"சகலை, இமைக்கப் போறேன். பிடிச்சுக்குங்க."

"பிடிச்சாச்சு. இமைங்க."

மஞ்சள் கட்டத்துக்குள் மணி பதினொன்று இருபது. மூன்று ஆக இன்னும் நேரம் கிடக்கிறதே என்று நிம்மதி. சோறு வந்தது. திரையைப் பார்த்தபடியே சாப்பிட்டதில் என் ரசஞ்சோறு பாதி மச்சான் காதில் போனது. அப்போதும் பதினொன்று இருபது.

"பொழுதே நகரலையே" என்றார் மச்சான்.

"நல்ல காரியம் நடக்கிற நாள் அப்படித்தான்" என்றேன், என்னவோ தெரிந்தவன் மாதிரி.

போன் அடித்தது. மாப்பிள்ளைதான்.

"மாமா, மூணு அஞ்சு ஆச்சு! ஆபீசருங்க எதிர்லயே உட்கார்ந்திருக்காங்க!"

"பதறாதீங்க மாப்பிள்ளை. உங்க மெஷின்லயே பதினொண்ணு இருபதுதான்."

"ஐயோ மாமா! நிறுத்தி வெச்சா உள்ள இருக்கிற மணியும் நின்னுதானே இருக்கும்! அழுத்துங்க!"

அழுத்தினேன். மஞ்சள் பச்சையானது. "வந்துருச்சு மாமா!" என்று அந்தப் பக்கம் ஒரே குதூகலம்.

சகலையின் முகம் மட்டும் சுருங்கியது. மணி பதினொன்று இருபத்தொன்றாக மாறியதைப் பார்த்துவிட்டார். போனைப் பிடுங்கி, "ஆபீசருங்களா, உங்க கடிகாரம் ரொம்ப முந்துது. இங்க இன்னும் மத்தியானமே ஆகலை. போய்ச் சாப்பிட்டுட்டு நிதானமா வாங்க" என்றார்.

அவர்கள் வருவதற்குள் மாப்பிள்ளைக்கு நேரம் தவறிவிடக் கூடாதே என்று, மெஷினை மறுபடி நிறுத்தி, மணியைப் பதினொன்று இருபத்திரண்டில் பத்திரமாகப் பிடித்து வைத்தார்.