கல் வராத இடம்

முதலில், பூமியைத் துளையிட்டு எடுத்த பாறைக் கற்களை வைத்திருக்கும் கிடங்கின் கூரை ஒழுகியது. மூன்று மழைக்காலம் மனு கொடுத்தும் ஒரு தகரம் வரவில்லை. பெட்டிகளில் ஒட்டியிருந்த சீட்டுகள் கரைந்தன. இரண்டாவதாக, துளையிட்ட இடத்திலேயே எழுதிய நோட்டுகளை எடைக்குப் போட்டார்கள். மூன்றாவதாக, மிச்சமிருந்த பதிவுகளைக் கணினியில் ஏற்றும்போது, துளையிட்ட தொழிலாளிகளின் பெயர்களை நீக்கிவிட்டு அதிகாரியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நான்காவதாக, செல்லக்கிளிக்கு ஒரு கடிதம் போனது. அவளுடைய அப்பா கொம்பையா நிலவியல் துறையின் துளையிடும் ரிக்கில் வேலை பார்த்ததற்கோ, அங்கே இறந்ததற்கோ பதிவு எதுவும் இல்லை என்றது அது.

ஐந்தாவது, ஒரு உத்தரவு. பாறைப் பெட்டிகளில் கிடக்கும் மரக்கட்டைகளை எறிந்துவிட்டு, கற்களை நெருக்கி அடுக்கி, இடத்தை மிச்சப்படுத்த வேண்டும்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு சவரிமுத்து கத்தினார். ஐம்பத்தேழு வயது. முப்பது வருடம் சங்கக் கொடி பிடித்ததற்காக இந்தக் கிடங்குக்குத் தூக்கியடிக்கப்பட்டவர். இங்கே அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவள் பட்டியல் எழுதும் தமயந்தி, அவரைவிட இருபது வயது இளையவள். கிண்டலாகத்தான் அவளை 'குருவே' என்று கூப்பிட ஆரம்பித்தார். ஆறு மாதத்தில் கிண்டல் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

கிடங்கைப் பூட்டி வாசலில் உட்காரலாம் என்றார். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"குருவே, உங்களுக்குக் கோபமே வராதா?"

"வரும் அண்ணே. வரிசையில் வரும்."

பிறகு, டீ அடுப்பில் எரிவது என்ன என்று கேட்டாள். உடைந்த பெட்டிகளில் கிடந்த கட்டைகள்தான், இதுவரை மூன்று எரித்திருப்பேன் என்றார்.

"அதில் என்ன எழுதியிருந்தது?"

அவர் பார்க்கவில்லை.

ஒரு பெட்டியை இறக்கச் சொன்னாள். உருளைக் கற்கள் பூமிக்குள் இருந்த வரிசையிலேயே படுத்திருந்தன. நடுவில் ஒரு கட்டை. அதை எடுத்துவிட்டுக் கற்களை நெருக்கி, கடைசிக் கல்லின் ஆழத்தைக் கூட்டிச் சொல்லச் சொன்னாள். இரண்டு முறை கூட்டினார். பதிவில் இருந்ததைவிட ஒன்றரை மீட்டர் குறைந்தது.

"கல் எதையும் நான் எடுக்கலையே."

"கல் வராத இடமும் ஆழம்தான் அண்ணே. அதுக்குப் பதிலாத்தான் கட்டை வைப்பாங்க. திருப்புங்க."

பென்சில் எழுத்து மங்கியிருந்தது. '212.40 முதல் 213.90 வரை கல் வரவில்லை. குழாய் சரிந்து இறந்தது கொம்பையா.'

நோட்டீஸ் அடிப்போம் என்றார் சவரிமுத்து. அடித்தால் மறுநாள் கட்டையே இருக்காது என்றாள். பதிவேட்டைத் திறந்து அவர் கையில் பேனாவைக் கொடுத்தாள். முதலில் மூன்று எண்கள் போடச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதச் சொன்னது ஒன்றுதான்: 'மரக்கட்டை. எழுத்து வாசிக்கப்படவில்லை. எரித்தவர் சவரிமுத்து.'

அவர் அவளைப் பார்த்தார். அவள் பேனாவைப் பார்த்தாள். எழுதினார்.

நான்காவது எண்ணில் கட்டையில் இருந்ததை எழுதும்போது, 'படுகொலை' என்று ஒரு சொல் சேர்த்தார். கட்டையில் இல்லாத சொல்லை அடிக்கச் சொன்னாள்.

வியாழக்கிழமை இருப்புச் சரிபார்ப்பு. ஒவ்வொரு பதிவையும் கிடங்கின் அதிகாரி உரக்க வாசிக்க வேண்டும்; வெளியாட்கள் இருவர் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். போஸ்ட்மாஸ்டரும் ரேஷன் கடைக்காரரும் சாட்சிகள். தமயந்தி வரச் சொல்லியிருந்ததால் செல்லக்கிளி வாசலில் நின்றாள்.

எரித்தவர் சவரிமுத்து என்ற வரியை அதிகாரி மூன்று முறையும் ரசித்து, இழுத்து வாசித்தார். சங்கத்துக்காரர் டீ போட்ட லட்சணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சாட்சிகளிடம் சொன்னார். சவரிமுத்து தலை குனிந்திருந்தார்.

நான்காவது எண்ணில் அதிகாரியின் குரல் நின்றது. இது கல்லே இல்லை, வெறும் கட்டை, அடுத்ததுக்குப் போகலாம் என்றார்.

சவரிமுத்து எழுந்தார். தமயந்தி கையைக் காட்டி அவரை உட்கார வைத்தாள்.

"மூணு கட்டையைச் சத்தமா வாசிச்சீங்க, சார். நாலாவதையும் அதே சத்தத்துல."

அதிகாரி ஆழத்தை வாசித்தார். மீதியை முனகினார். போஸ்ட்மாஸ்டர் பேனாவை மூடி வைத்தார். தனக்குக் கேட்கவில்லை என்றார்.

அதிகாரி வாசல் பக்கம் பார்க்காமல், மறுபடியும் வாசித்தார்.

"குழாய் சரிந்து இறந்தது கொம்பையா."