மூன்று விரலுக்கு ஒரு பிடி

அந்தக் காலத்தில் மரம் பேசும். மரத்தைச் சீவுகிற இழைப்புளி பேசும். அதைப் பிடிக்கிற கைவிரல்களும் பேசும். மனிதர்கள்தான் குறைவாகப் பேசினார்கள். நன்றாக இருந்தது.

ஆற்றங்கரையில் சடையாண்டி என்று ஒரு தச்சன். படகு கட்டுகிறவன். அவன் மனைவி காத்தாயி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீர் ஒன்றே ஒன்று: ஒரு பழைய இழைப்புளி. கருவேலத்தில் செய்தது. அடிப்பக்கம் தேய்ந்து தேய்ந்து தண்ணீர்போல மட்டமாக இருக்கும். அப்படி ஒன்றைப் புதிதாகச் செய்து பழக்க மூன்று வருஷம் ஆகும். குறை ஒன்றுதான். வாய் அதிகம்.

"மெல்லப் பிடிங்க மாப்பிள்ளை. கழுத்தை நெரிக்காதீங்க" என்று தினமும் சொல்லும்.

"உன் வேலையைப் பாரு" என்பான் சடையாண்டி. நான்கு விரலையும் பிடியில் சுற்றி, கட்டைவிரலால் பூட்டி, நெரிக்கத்தான் செய்வான்.

வைகாசியில் ஒரு நாள், ஊரில் பன்னிரண்டு பேர் ஆற்று நடுவே இருந்த மணல்திட்டுக்கு வெள்ளரி பறிக்கப் போனார்கள். கணுக்கால் தண்ணீரில் நடந்தே போனார்கள். சடையாண்டியின் மகள் பேச்சியும் போனாள். மேற்கே மலையில் மழை. இங்கே யாருக்கும் தெரியாது. காலை முடிவதற்குள் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. திட்டு சுருங்கிக்கொண்டே வந்தது.

ஊருக்கு ஒரே படகு. அது சடையாண்டியின் கொட்டகையில், பக்கவாட்டில் ஒரு பலகை இல்லாமல் கிடந்தது.

புதுப் பலகையைத் தூக்கிப் போட்டு ஓரத்தை இழைக்க ஆரம்பித்தான். பதற்றம். நெரித்தான். பத்தாவது தள்ளலில் பிடி அடியோடு முறிந்து கையோடு வந்துவிட்டது.

"சொன்னேனே" என்றது இழைப்புளி.

சடையாண்டி கையில் கிடைத்த தேக்குத் துண்டை எடுத்து மாற்றுப் பிடி அறுத்தான். அவசரத்தில் மரத்தின் நார் குறுக்கே ஓடும்படி அறுத்துவிட்டான். மாட்டி ஒரு தள்ளு. அதுவும் படக்.

"நார் எப்படி ஓடுதுன்னு பார்க்கலையா? நீங்க தச்சருதானே மாப்பிள்ளை?"

கொட்டகைக்கு வெளியே நின்ற பூவரசுக்குப் பொறுக்கவில்லை. "போன வருஷக் காத்துல ஒடிஞ்ச என் கிளை கீழே காய்ஞ்சு கிடக்கு. அதுல முழங்கை மாதிரி ஒரு வளைவு இருக்கு. அங்கே நார் வளைஞ்சே வளர்ந்திருக்கு, முறியாது. ஆனா குட்டை."

"குட்டையோ நெட்டையோ, கொடு."

அவன் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். அளவு எடுக்கவில்லை, கோடு போடவில்லை. வளைவின் போக்கிலேயே ரம்பம் போனது. உளி நான்கு இடத்தில் மட்டும் தொட்டது. சொரசொரப்பான பராய் இலையை வைத்து வழவழப்பாகத் தேய்த்தான். ஒரு வேளைச் சோறு வேகிற நேரம்கூட ஆகவில்லை. வாத்தின் கழுத்துபோலப் பிடி நிமிர்ந்து நின்றது. இழைப்புளியே குறை சொல்ல மறந்துவிட்டது.

கையை வைத்தான். சுண்டுவிரல் உட்கார்ந்தது, மோதிரவிரல் உட்கார்ந்தது, நடுவிரல் உட்கார்ந்தது. இடம் முடிந்துவிட்டது.

"எனக்கு?" என்றது ஆள்காட்டி விரல்.

"நெருக்கி உட்காரு."

அது நெருக்கியது. மற்ற மூன்றும் கத்தின. ஒன்றை ஒன்று தள்ளியதில் இழைப்புளி ஆடியது, பலகை ஓரம் சாய்ந்து போனது. படகில் வைத்துப் பார்த்தால் சந்து தெரிந்தது.

"இதுல நண்டு போகும், நடுவுல நின்னு திரும்பிக்கூடப் பார்க்கும்" என்றாள் காத்தாயி. சிரிக்கவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டில் நின்றவர்களுக்கு முழங்கால்வரை தண்ணீர்.

சடையாண்டி வலது கையை இழைப்புளியிலிருந்து எடுக்கவில்லை. இடது கையால் உளியை எடுத்து ஆள்காட்டி விரல்மேல் வைத்தான்.

"இடைஞ்சல் நீதான். மீதி மூணு போதும் எனக்கு."

"வெட்டுய்யா" என்றாள் காத்தாயி. "அப்புறம் ஊர்க்காரனைக் குறை சொல்ல எந்த விரலை நீட்டுவே?" சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டில்லை. மகள் தண்ணீரில் நிற்கிறாள். அவன் வெட்டியே விடுவான். பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

ஆள்காட்டி விரலுக்கு அதற்குள் பாதி உயிர் போய்விட்டது. பயத்தில் குச்சிபோல விறைத்து நீண்டு, இழைப்புளியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டது. "இங்கேயே கிடக்கிறேன். எதையும் பிடிக்க மாட்டேன். தொந்தரவே பண்ண மாட்டேன்."

"அசையாதே" என்று உளியைக் கீழே போட்டான். தள்ளினான்.

பாதி தூரம் போகுமுன் விரல் முனகியது. "இடப்பக்கம் சாயுது."

நிமிர்த்தினான்.

"ம். இப்ப சரி."

மரத்தின் மேல் படுத்துக்கிடந்ததால் அதன் சாய்வெல்லாம் விரலுக்குத் தெரிந்தது. நெரிக்க ஆள் குறைந்ததால் இழைப்புளியும் தன் போக்கில் ஓடியது. சீவல் அறுபடாமல், வெங்காயச் சருகுபோல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே சுருளாக வந்தது. பலகையைப் படகில் வைத்தார்கள். வெளிச்சம்கூட நுழையவில்லை. ஆணி அடித்துப் படகை ஆற்றில் இறக்கினார்கள்.

இடுப்புத் தண்ணீரில் நின்ற பன்னிரண்டு பேரும் கரைக்கு வந்தார்கள். வெள்ளரி மூட்டையை விட மாட்டேன் என்று அடம்பிடித்த பேச்சியை மூட்டையோடு தூக்கிப்போட வேண்டியிருந்தது.

மறுநாள் சடையாண்டி விரலிடம் கேட்டான். "நீளமா வேற பிடி செய்யறேன். உள்ளே வர்றியா?"

"அங்கே புழுக்கம்" என்றது விரல். "இங்கேயிருந்து போற வழி தெரியுது."

இழைப்புளி, "இப்பத்தான் மூச்சு விட முடியுது மாப்பிள்ளை" என்றது.

அன்று முதல்தான், பழைய இழைப்புளிக்கு மாற்றுப் பிடி செய்கிறவர்கள் எவ்வளவு பெரிய மரம் கிடைத்தாலும் மூன்று விரலுக்கு மட்டும் இடம் விடுகிறார்கள். ஆள்காட்டி விரல் வெளியே நீண்டு, பலகை போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.