யார் மிதித்தால் கத்துகிறது

“அந்தக் கார் பிரேக்கை மூணு தடவை கழட்டி மாட்டிட்டேனுங்க அம்மிணி. நான் ஓட்டினாக் கத்த மாட்டேங்குது. அந்தப் பொண்ணு ஓட்டினாக் கத்துது.”

சொன்னவர் ராக்கியப்பன். வயது ஐம்பத்து நாலு. இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும், ஓட்டினது போதும், உள்ளே என்னதான் இருக்கிறதென்று பார்ப்போம் என்று வந்து சேர்ந்த சீடர்.

கேட்டுக்கொண்டிருந்தவள் சலோமி. வயது முப்பத்தொன்று. பட்டறை அவளுடையது. குருவும் அவள்தான்.

மேட்டுப்பாளையத்தில், கோத்தகிரி மலைப்பாதைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் இருந்தது பட்டறை. மலையிறங்கும் வண்டிகள் சக்கரச் சூட்டோடு வந்து நிற்கிற இடம்.

சலோமி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

“என்ன சத்தம்?”

“கீச்சுன்னு. போர்டுல சாக்பீஸ் வழுக்கின மாதிரி.”

“மிதிக்காதப்ப?”

“இல்லீங்க. மிதிச்சாத்தான்.”

“என்னென்ன பாத்தீங்க?”

“டிஸ்க்கைப் புடிக்கற பேடு புதுசு, இந்த மாசம் நான்தான் மாத்தினேன். கிளிப்பெல்லாம் மாத்தியாச்சு. பின்னுக்கு கிரீஸ் வெச்சாச்சு. டிஸ்க்கு நேராத்தான் இருக்குது. ஓட்டிப் பாத்துக் குடுப்பேன், கம்முனு போகும். மறாநாள் கத்திக்கிட்டே வரும்.”

“யார் மிதிச்சா கத்துது?”

“யார் மிதிச்சா என்னங்க, பிரேக்கு ஒண்ணுதானே.”

சலோமி ஸ்பேனரைத் துடைத்து மாட்டினாள்.

“அவங்களைக் கூப்பிடுங்கண்ணா.”

வாசல் பெஞ்சில் மஞ்சரி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆறு மாதக் குழந்தை, யாழி. சனிக்கிழமை காலை. பெஞ்சில் இன்னும் இடமிருந்தும் அவள் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த வண்டி நிக்குமா, நிக்காதா?”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“திங்கக்கிழமை என் லீவு முடியுது. கோத்தகிரியில பேங்க் வேலை. இவளையும் கூட்டிட்டுப் போய், ஆபீஸ் பக்கத்துலயே ஒருத்தங்க பாத்துக்கறாங்க, அங்க விட்டு, மத்தியானம் ஒரு நடை போய்ப் பால் குடுத்துட்டு, சாயங்காலம் கூட்டிட்டு வர்றதாப் பிளான். ரெண்டு வாரமா அரை மலை வரைக்கும் ஏறி எறங்கிப் பழகறேன். எறங்கும்போது பூரா கத்துது. தெருமுனையில திரும்பறப்பவே வீட்டுக்குக் கேக்குது. அத்தை சொல்லிட்டாங்க, குழந்தைய இங்கயே விட்டுடு, நீ பஸ்ல போயிட்டு வான்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இன்னிக்குள்ள சொல்றேன்னேன்.”

குழந்தை அவள் துப்பட்டா நுனியை வாயில் வைத்துச் சப்பியது.

எதிர்க்கடையில் சொல்லி சலோமி ஒரு கிளாஸ் டீ வாங்கினாள். விளிம்பு வரை நிறைத்து வாங்கினாள். அதைக் கையில் பிடித்தபடி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“எடுங்க. ரெண்டாவது வளைவு வரைக்கும் போயிட்டு வரலாம்.”

பின்சீட்டில் குழந்தைக்கான இருக்கை. யாழியை அதில் வைத்து வார் போட்டாள் மஞ்சரி. சரியாகப் போட்டிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். திரும்பவும் இழுத்துப் பார்த்தாள்.

ஏறினார்கள். குழந்தை தூங்கிவிட்டது.

வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கினார்கள். கத்த ஆரம்பித்தது. முதலில் சன்னமாக. பிறகு விடாமல்.

மஞ்சரியின் கால் பிரேக்கை விட்டு எடுபடவே இல்லை. அழுத்தவும் இல்லை. தூங்குகிற குழந்தையின் முதுகில் கை வைப்பதுபோல மேலாக வைத்தபடியே இருந்தது.

“எறக்கத்துல எந்த கியர்?”

“நாலு.”

“ஏறினப்ப?”

“ரெண்டு.”

“ஏறின கியர்லயே எறங்கோணும். பிரேக்கை நிறுத்தறதுக்கு வெச்சுக்குங்க.”

மஞ்சரி கியரை மாற்றினாள். கால் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

பட்டறை வாசலில் வண்டி நின்றது. எப்போது நின்றது என்றே தெரியாத மாதிரி நின்றது.

சலோமி கிளாஸைத் தூக்கிக் காட்டினாள்.

“ஒரு சொட்டு சிந்தலை” என்றாள் மஞ்சரி. கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள்.

“ஆமா. நீங்க பிரேக் போடலைங்க. தாலாட்டறீங்க.”

மஞ்சரிக்கு முகம் சிவந்தது. “எழுந்தா அழுவா. வளைவுல அவ அழுதா நான் பின்னாடி திரும்பிப் பாத்துடுவேன். அதனாலதான் மெதுவா மிதிக்கறேன்.”

சலோமி ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தாள்.

சக்கரங்கள் சூடு ஆறும்வரை காத்திருந்தார்கள். ராக்கியப்பன் நான்காவது தடவையாக பேடுகளைக் கழற்றினார். ஒன்றை எடுத்து வெயிலில் காட்டினார்.

“பாருங்கம்மிணி, எப்படி மின்னுதுன்னு. மூஞ்சி பாத்துக்கலாம். நல்ல கம்பெனிச் சரக்கு.”

“கையை நீட்டுங்கண்ணா.”

நீட்டினார். சலோமி அந்த பேடை அவர் உள்ளங்கையில் வைத்து இழுத்தாள். வழுக்கிக்கொண்டு போனது.

அலமாரியிலிருந்து பிரிக்காத ஒரு பேடை எடுத்துப் பிரித்தாள். அதே உள்ளங்கையில் வைத்து இழுத்தாள். தோல் கூடவே வந்தது.

“எது பிடிக்குது?”

ராக்கியப்பன் உள்ளங்கையைப் பார்த்தார். மின்னுகிற பேடைப் பார்த்தார். மூன்று தடவையும் அதைத் துணியால் துடைத்து இன்னும் மினுக்கி மாட்டியது அவர்தான்.

“உப்புத்தாள் எடுத்துட்டு வர்றேனுங்க” என்றார்.

சிமென்ட் தரையில் உப்புத்தாளை விரித்து, பேடை அதன்மேல் எட்டுப்போட்டு எட்டுப்போட்டுத் தேய்த்தார். பளபளப்பு போனது. டிஸ்க்கையும் லேசாகத் தேய்த்துத் துடைத்தார். மாட்டினார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

“இனிக் கத்தாதுங்க.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் கத்தாது.”

“அதே கால்தானேண்ணா மறுபடியும் மெதுவாத் தேச்சு மினுக்கப்போகுது?”

ராக்கியப்பன் உப்புத்தாளை மடித்தார். பிறகு மெல்ல, “அந்தப் பிள்ள எப்படி ஓட்டுதுன்னு நான் கேக்கவே இல்லீங்க” என்றார். “லாரியா இருந்தா மொதல்ல அதைத்தான் கேட்டிருப்பேன்.”

சலோமி மஞ்சரியிடம் போனாள்.

“வாங்க. வாழைத்தோட்டத்து ரோட்டுல நீங்க பத்துத் தடவை மிதிக்கோணும். அம்பதுல போயி, பத்துக்கு வர்ற வரைக்கும். முழுசா நிறுத்தப்படாது. அழுத்தமா மிதிக்கோணும். பாப்பா வேண்டாம், இங்கயே இருக்கட்டும்.”

“யார்கிட்ட?”

சலோமி ராக்கியப்பனைப் பார்த்தாள்.

மஞ்சரியும் பார்த்தாள். முழங்கை வரை கிரீஸ்.

அவர் போய் சோப்புப் போட்டுக் கழுவினார். முகர்ந்து பார்த்தார். திரும்பப் போய்க் கழுவினார். வேட்டியில் துடைக்கப் போனவர் வேட்டியைப் பார்த்துவிட்டு, கையைக் காற்றில் ஆட்டிக் காயவைத்தார்.

“உங்களுக்குக் குழந்தைங்க தூக்கிப் பழக்கமா?” மஞ்சரி கேட்டாள்.

“எனக்கு மூணு பேரம்பேத்தி அம்மிணி.”

“அப்போ பழக்கம்தான்.”

“இல்லீங்க. ஒவ்வொண்ணு பொறந்தப்பவும் நான் லோடுல இருந்தேன். வந்து பாக்கறதுக்குள்ள நடக்க ஆரம்பிச்சுருச்சுங்க.”

இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். சொல்லிவிட்டார்.

மஞ்சரி இடுப்புக் குழந்தையின் வாயிலிருந்து துப்பட்டா நுனியை இழுத்தெடுத்தாள். பிறகு அவர் கையில் குழந்தையை வைத்தாள். “தலைக்குப் பின்னால கை குடுங்க. தலை நிக்குது, ஆனாலும் குடுங்க” என்றாள்.

வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் ரோடு நேராகப் போனது. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை.

“அம்பது வந்தாச்சு. மிதிங்க.”

மஞ்சரி மிதித்தாள்.

“பூஜ்யம்” என்றாள் சலோமி.

“மிதிச்சேனே.”

“பின்னாடி யாருமில்லை. யாரும் தூங்கலை. மறுபடி.”

மிதித்தாள்.

“பூஜ்யம்.”

“அக்கா, ஸ்கூல்ல கணக்கு சிஸ்டர்கூட எனக்கு ரெண்டு பூஜ்யம் போட்டதில்ல.”

“சிஸ்டர் கணக்கு வேற. மறுபடி.”

மூன்றாம் தடவை மஞ்சரி பற்களைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். சீட் பெல்ட் மார்பைப் பிடித்து நிறுத்தியது. வாழை இலைகள் சட்டென்று மெதுவாயின.

“ஒண்ணு” என்றாள் சலோமி.

இரண்டு. மூன்று. நாலாவதில் வண்டிக்குள் ஒரு நெடி வந்தது.

“கருகுதுக்கா.”

“கருகட்டும். புதுத் தோசைக்கல்லு வாங்கினா என்ன பண்ணுவீங்க?”

“பழக்குவோம். எண்ணெய் தடவி, நல்லாக் காய வெச்சு, ஆற வெச்சு, மறுபடி காய வெச்சு…”

“இதுவும் அதேதான். எண்ணெய் மட்டும் தடவிடாதீங்க.”

மஞ்சரி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மிதித்தாள். அது ஐந்து.

எட்டாவதில் மஞ்சரி எண்ண மறந்துபோனாள். பத்து முடிந்ததென்று சலோமி சொன்னபோது அவள் கால் அடுத்த அம்பதுக்காகக் காத்திருந்தது.

“இனிப் பத்து நிமிஷம் பிரேக்கைத் தொடாம ஓட்டுங்க. காத்துல ஆறட்டும்.”

தொடாமல் ஓட்டினாள். பிரேக்கில் கால் வைக்காமல் அவ்வளவு தூரம் அவள் ஓட்டியதே இல்லை. கால் எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் திண்டாடியது. பிறகு தரையில் இறங்கி அமைதியாக இருந்தது.

ரோடு ஊருக்குள் திரும்பும் இடத்தில் சலோமி சொன்னாள்.

“இப்ப மிதிங்க. எப்பவும் மிதிக்கற மாதிரி.”

மெதுவாக மிதித்தாள்.

ஒரு சத்தமும் இல்லை. தோட்டத்தில் எங்கோ மோட்டார் ஓடுவது கேட்டது.

பட்டறையில் ராக்கியப்பன் நின்றுகொண்டிருந்தார். யாழி அவர் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். சட்டை முழுக்க எச்சில்.

“அழுதாளா?” மஞ்சரி ஓடிவந்து கேட்டாள்.

“அழுதாளாவா? நீங்க அந்தண்ட போனதும் ஆரம்பிச்சா. ஊரே திரும்பிப் பாத்துது. நானும் கண்ணாடிச் சாமான் மாதிரி நோகாம, நோகாமத்தான் புடிச்சிருந்தேன். இன்னும் கத்தினா. இந்தக் கை மாத்திப் பாத்தேன், அந்தக் கை மாத்திப் பாத்தேன். பேரிங்கைச் சுத்தவிட்டுச் சத்தங்கூடக் காட்டினேன்.”

“அப்புறம்?”

“டீக்கடைக்காரம்மா அங்கிருந்தே சத்தம் போட்டுது. யோவ், கீழ போட்டுருவியோன்னு பயந்துக்கிட்டே புடிக்கற, அதுக்குத் தெரியாதா, ஒழுங்கா அணைச்சுப் புடின்னு. புடிச்சேன். நிறுத்திட்டா.”

சொல்லிவிட்டு ராக்கியப்பன் குழந்தையின் தலைக்குப் பின்னால் கையைச் சரிசெய்தார்.

தோளில் இருக்கும் குழந்தையைப் பார்த்தார். வண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார்.

“நல்லவேளை” என்றாள் சலோமி. “கழட்டி மாட்டிப் பாக்கலியே.”

மஞ்சரி குழந்தையை வாங்கிக்கொண்டாள். இருக்கையில் வைத்து வார் போட்டாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

சலோமியிடம் திரும்பி வந்தாள்.

“சத்தம் போயிடுச்சுக்கா.”

“ம்.”

“பயம் போகல.”

“அதை யாரு கழட்டச் சொன்னது?”

சலோமி அடுத்த வண்டியின் பானெட்டைத் திறக்கப் போய்விட்டாள்.

பட்டறையிலிருந்து இடது பக்கம் திரும்பினால் மஞ்சரியின் வீடு. வலது பக்கம் மலை. ராக்கியப்பன் ரோட்டில் இறங்கி, எதிரே வந்த வேனைக் கையால் நிறுத்தி, “வரட்டும், வரட்டும்” என்று இடது பக்கம் வழி காட்டினார்.

வண்டியில் வலது பக்க விளக்கு மின்னியது.

அவர் ஒரு நொடி பார்த்தார். பிறகு நொண்டிக்கொண்டே ரோட்டின் அந்தப் பக்கத்துக்கு ஓடி, மலையேற வந்த பஸ்ஸை நிறுத்தினார்.