மூன்று உயிரும் ஒரு லிப்ட்டும்

மந்தாரப்பேட்டையில் லிப்ட் வைத்த கட்டடங்கள் நிறைய உண்டு. லிப்ட் ஓடுகிற கட்டடங்கள் கொஞ்சம்தான். அதற்காகவே ஒரு லிப்ட் கம்பெனி, கடைத்தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் கிளை திறந்து வைத்திருந்தது. கிளையில் மேனேஜரைத் தவிர மூன்று பேர். மூவரும் தங்கமானவர்கள், சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். அவர்களிடம் இருந்த ஒரே குறையும் அதுதான்.

ஏகாம்பரம் பெரிய மெக்கானிக். ஜெபராஜ் சின்ன மெக்கானிக். பூங்காவனம் அக்கா போன் எடுப்பவர். போன் வந்தால் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், வராவிட்டால் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இப்படி ஒருவருக்கும் கெடுதல் இல்லாமல் காலம் போய்க்கொண்டிருந்தது.

மேனேஜர் கோதண்டபாணியைத் தலைமை அலுவலகம் ஒரு பயிற்சிக்கு அழைத்ததில்தான் எல்லாம் கெட்டது. குளிரூட்டிய ஹோட்டல் ஒன்றில் வயிறு முட்டச் சாப்பாடு போட்டு, சும்மா இருக்கிற நேரத்தில் கம்ப்யூட்டர் கேம் ஆடும் ஊழியர்களுக்கு மூளை சுறுசுறுப்பாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒவ்வொரு கிளையும் எவ்வளவு பாயிண்ட் எடுத்தது என்று வெள்ளிக்கிழமை தோறும் தெரிவிக்க வேண்டும். எந்தக் கிளை எத்தனை லிப்ட்டைச் சரிசெய்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

கேம் எளிமையானதுதான். பச்சைச் சட்டை போட்ட ஒரு குட்டி மனிதன் ஓடுவான். வழியில் குழி வரும், தாண்ட வேண்டும். மாம்பழம் தொங்கும், பறிக்க வேண்டும். வேலை இல்லாத நேரத்தில் கட்டாயம் ஆட வேண்டும், வேலை வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு மேனேஜர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏகாம்பரம் சாமி கும்பிட்டுவிட்டுக் கீபோர்டில் கை வைத்தார். ஜெபராஜுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணே, சார் செய்யச் சொன்னா அது வேலைதானே?"

"வேலைதான்."

"அப்ப இதை ஆடறப்ப நமக்கு வேலை இருக்கு. வேலை இருந்தா ஆடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே."

ஏகாம்பரம் சூடு பட்டவர்போலக் கையை எடுத்துக்கொண்டார். எடுத்ததும் வேலை இல்லாமல் போயிற்று. வேலை இல்லாததால் மறுபடி கையை வைத்தார். மதியச் சாப்பாடு வரை கை வைப்பதும் எடுப்பதுமாக அவர் களைத்துப்போனார். கடைசியில் பூங்காவனம் அக்காதான் வழி கண்டுபிடித்தார். ஒருவர் ஆடட்டும், மற்ற இருவரும் சும்மா இருக்கட்டும். மொத்தத்தில் ஆபீசில் வேலை இருக்கவும் செய்யும், இல்லாமலும் இருக்கும். இவ்வளவு மூளை உள்ளவரைப் போன் எடுக்க வைத்திருக்கிறார்களே என்று ஜெபராஜ் வருத்தப்பட்டான்.

மறுநாள் ஒரு ஜவுளிக்கடையிலிருந்து போன் வந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போனபோது ஏகாம்பரம் நின்றுவிட்டார். ஜவுளிக்கடை போய்ச் சேரும்வரை பஸ்சில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. வேலை இல்லையென்றால் ஆடியாக வேண்டும். எனவே கம்ப்யூட்டரையும் அவிழ்த்துத் தூக்கிக்கொண்டார்கள். பஸ்சில் அதற்குக் கரண்ட் ஏது? அதற்காகச் சார் சொல்லை மீற முடியுமா? ஜெபராஜ் கீபோர்டைத் தட்டினான், ஏகாம்பரம் வாயாலேயே சத்தம் கொடுத்தார், ஸ்பேனர் பையைத் தூக்கிப் பிடிக்க வந்த பூங்காவனம் அக்கா இருண்ட திரையைப் பார்த்து எங்கே குழி வருகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பயணிகள் எல்லாரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். கண்டக்டர் மூன்று இடத்தில் விசில் ஊத மறந்தார். ஜவுளிக்கடை நிறுத்தம் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. பச்சைச் சட்டைக்காரன் எத்தனை மாம்பழம் பறித்தான் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் டிரைவர் பஸ்சைத் திருப்பினார்.

அடுத்த நாள் காலையில் அந்தத் துக்கம் நடந்தது.

ஏகாம்பரம் கொஞ்சம் தாமதமாகத் தட்டிவிட்டார். பச்சைச் சட்டைக்காரன் குழிக்குள் விழுந்து காலைத் தூக்கி, கண்ணை மூடி, மறைந்துபோனான். மூவரும் எழுந்து நின்றார்கள். ஜெபராஜ் தொப்பியைக் கழற்றி ஜெபம் செய்தான். பூங்காவனம் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணுக்கு நிறைஞ்ச பிள்ளையாச்சே என்றார். அதற்குள் திரையில் அதே ஜாடையில், அதே சட்டையில், இன்னொருவன் வந்து நின்றான்.

"தம்பியா இருக்கும்," என்றார் ஏகாம்பரம். "அண்ணன் விட்ட வேலையை முடிக்க வந்திருக்கான். பாசக்காரக் குடும்பம்."

கண்ணீர் திரையை மறைத்ததால் தம்பியும் போனான். அவனுக்கு அடுத்த கடைசித் தம்பி வந்தான், அவனும் அதே குழியில் போனான். ஒரே காலையில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயை நினைத்துப் பூங்காவனம் அக்கா குரல் எடுத்து அழுதார். மூவரும் ஆபீஸ் பாத்ரூமில் வரிசையாகத் தலைக்குக் குளித்தார்கள். கீழே பூக்கடையில் மாலை வாங்கிக் கம்ப்யூட்டருக்குப் போட்டார்கள். அன்று வந்த போன்களுக்கெல்லாம், இங்கே எழவு விழுந்திருக்கிறது, நாளைக்குப் பேசுங்கள் என்று அக்கா தழுதழுத்த குரலில் சொன்னார். கேட்டவர்களும் பாவம், லிப்ட்டை மறந்து ஆறுதல் சொன்னார்கள்.

மாலையில் வந்த கோதண்டபாணி மாலையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். அது பொம்மை, அதற்கு அம்மா அப்பா கிடையாது என்று தொண்டை வற்றும்வரை விளக்கினார். மூவரும் தலையை ஆட்டினார்கள். அனாதைப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் அவர்களுக்கு அழுகை இன்னும் கூடியது. பொறுக்க முடியாமல் மேனேஜர் உத்தரவு போட்டார்.

"இனிமே ஒருத்தன்கூட சாகக்கூடாது. புரியுதா?"

நன்றாகப் புரிந்தது. நடந்தால்தானே குழியில் விழுவான்? மறுநாள் முழுக்கப் பச்சைச் சட்டைக்காரனை ஆரம்பித்த இடத்திலேயே நிறுத்தி, யாரும் தெரியாமல் தட்டிவிடாதபடி கீபோர்டைச் சுற்றி மூவரும் காவல் இருந்தார்கள். பாயிண்ட் பூஜ்யம். ஆனால் அவன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.

வெள்ளிக்கிழமை கோதண்டபாணியின் மகள் இளவேனிலுக்கு நிச்சயதார்த்தம். மண்டபம் பக்கத்துத் தெருவில். சம்பந்தி வைரவநாதன் நேரம், சகுனம், தீட்டு எல்லாம் பார்க்கிறவர். பெண் வீட்டார் பாக்கு வைக்க மறந்தார்கள் என்று ஒரு சம்பந்தத்தையே உதறியவர். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது, அதற்குள் தட்டு மாற்றாவிட்டால் எழுந்து போய்விடுவேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். இளவேனிலுக்குப் பையனை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. மகள் முகம் வாடினால் கோதண்டபாணிக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்ட நாளில், வாரக்கணக்கு அனுப்ப வேண்டுமே என்று பட்டு வேட்டியோடு ஆபீசுக்கு வந்தார் மனிதர். பூஜ்யத்தைப் பார்த்தார். அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"ஆடுங்கய்யா. ஆட்டம் முடியற வரைக்கும் ஒருத்தரும் நாற்காலியை விட்டு எந்திரிக்கக் கூடாது."

சொல்லிவிட்டு லிப்ட்டில் ஏறினார். அது கம்பிக் கதவு போட்ட பழைய லிப்ட். அதைப் பார்த்துக்கொள்வதும் இதே மூவரின் பொறுப்புதான். ஒரு வாரமாக ஆட்டமும் அழுகையுமாக இருந்ததில் அதன் பக்கம் யாரும் போகவில்லை. இரண்டாவது மாடியைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கியதும் லிப்ட் முனகிக்கொண்டு நின்றது. மேனேஜரின் தலை மட்டும் இரண்டாவது மாடித் தரைக்கு மேலே தெரிந்தது.

அவர் செல்போனில் ஆபீசைக் கூப்பிட்டார். பூங்காவனம் அக்கா போனை எடுத்து, வணக்கம் சொல்லி, எந்த ஏரியா, எந்தக் கட்டடம் என்று முறைப்படி விசாரித்தார். நம்ம கட்டடம்தான் என்று அவர் கத்தியதும், அப்படியானால் சீக்கிரம் வந்துவிடுவார்கள் என்று ஆறுதல் சொன்னார். ஆனால் ஒருவரும் வரவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தார்கள்.

"எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க சார்," என்றார் ஏகாம்பரம்.

"ஆட்டத்தை முடிச்சிட்டு எந்திரி."

"அவன் செத்தாத்தான் சார் முடியும். சாகக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க."

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் நாதஸ்வரம் தொடங்கிவிட்ட சத்தம் லிப்ட்டுக்குள்ளேயே கேட்டது. மகள் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாளே என்று அவர் கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கினார்.

"கொன்னுடுங்கய்யா. மூணு பேரையும் கொன்னுட்டு வாங்க."

மூன்றாவது மாடியில் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு நாள் நல்ல மனுஷன் என்று நினைத்தோமே என்றான் ஜெபராஜ். அதுவும் பெற்ற பெண்ணுக்கு நல்லது நடக்கிற நாளில் இப்படி ஒரு வார்த்தை வாயில் வரலாமா என்றார் அக்கா. ஏகாம்பரம் மட்டும், நாம் சம்பளம் வாங்குகிறவர்கள், பாவம் சொன்னவருக்குத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டைத் தட்டினார். மூன்று பேரும் குழியில் போனார்கள். ஆட்டம் முடிந்தது, நாற்காலியை விட்டு எழுந்தார்கள்.

எழுந்தவர்கள் நேராகப் பாத்ரூமுக்குப் போனார்கள். நல்ல காரியத்துக்குப் புறப்பட்ட மனிதர் முன்னால் சாவுத் தீட்டோடு போய் நிற்க முடியுமா? குளித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் அடித்தது. மண்டபத்துக்குத் தகவல் சொல்லு, கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லு, சம்பந்திக்குப் பொய் பிடிக்காது, ஏன் என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லு என்றார் மேனேஜர். அக்கா அப்படியே செய்தார். ஆபீசில் சற்றுமுன் மூன்று பேர் தவறிவிட்டார்கள், குளித்துவிட்டு வருகிறோம் என்று சொன்னார்.

பிறகு மூவரும் ஈரத் தலையோடு இரண்டாவது மாடிக்கு வந்தார்கள். ஏகாம்பரத்தின் கையில் ஒரு வாளி இருந்தது.

"ஸ்பேனர் எங்கய்யா?" என்று கம்பிக்கு உள்ளேயிருந்து கேட்டார் கோதண்டபாணி.

"அது இருக்கு சார். நாங்க குளிச்சிட்டோம். நீங்கதான் பாக்கி. கொல்லச் சொன்னதே நீங்கதானே."

சொல்லிவிட்டு, கம்பி இடைவெளி வழியாக வாளித் தண்ணீரைப் பயபக்தியோடு மேனேஜர் தலையில் ஊற்றினார். பட்டு வேட்டி உடம்போடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு சுவிட்சைத் தட்டினார்கள், லிப்ட் சாதுவாகக் கீழே இறங்கியது. வேலை அவ்வளவுதான் இருந்தது.

கோதண்டபாணி சொட்டச் சொட்ட ஓடினார். நிச்சயதார்த்தத்துக்கு அவர் கூப்பிட்டிருந்ததால் மூவரும் பின்னாலேயே ஓடினார்கள். இந்தக் கோலத்துக்குச் சம்பந்தியிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார். மண்டபத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, அத்தைகள், சித்தப்பாக்கள் எல்லாரும் பட்டிலும் ஜரிகையிலும் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். சாவுச் செய்தி கேட்ட காதோடு தட்டு மாற்றக் கூடாது என்று வைரவநாதன் தன் வீட்டார் அத்தனை பேரையும் மண்டபத்துத் தொட்டியில் முங்கி எழச் செய்திருந்தார். நாதஸ்வரக்காரர் மட்டும் வாத்தியம் கெட்டுவிடும் என்று மன்றாடித் தப்பியிருந்தார்.

ராகுகாலத்துக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. தட்டைக் கையில் எடுத்த வைரவநாதன் அதை நீட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்.

"போனவங்க யாரு? உங்களுக்கு என்ன முறை?"

உறவு என்றால் தீட்டு, நிச்சயம் நின்றுபோகும். பொம்மை என்று உண்மையைச் சொன்னால், ஒரு பொம்மைக்காகவா என் குடும்பத்தையே தொட்டியில் முக்கினீர்கள் என்று சம்பந்தி எழுந்து போய்விடுவார். இளவேனில் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோதண்டபாணி வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே நின்றார்.

"உறவெல்லாம் இல்லீங்க," என்றார் ஏகாம்பரம் பின்னாலிருந்து. "ஆபீசுல ஓடிட்டிருந்தவங்க. மூணு பேரும் ஒரே குழியில விழுந்துட்டாங்க."

வைரவநாதன் உச்சுக் கொட்டினார். கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார். பிறகு கோதண்டபாணியின் காதருகே குனிந்தார்.

"அப்ப மூணு இடம் காலியா இருக்குமே. நம்ம சின்னவன் படிச்சிட்டு வீட்டுல சும்மாத்தான் இருக்கான்."

கோதண்டபாணி மகளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சம்பந்தி கையில் இருந்த தட்டைப் பார்த்தார். தலை தானாக ஆடியது. தட்டு கைக்கு வந்தது, நாதஸ்வரக்காரர் கெட்டிமேளம் கொட்டச் சொன்னார், இளவேனில் சிரித்தாள்.

ஏகாம்பரத்துக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் உயிர் ஆயிற்றே. சம்பந்தியைத் தனியாகத் தூணோரம் அழைத்துப்போய், பையனுக்குத் தாண்டத் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியுமாவா? பள்ளிக்கூடத்துல நீளம் தாண்டுறதுல கப் வாங்கினவன்," என்றார் வைரவநாதன் பெருமையாக.

ஏகாம்பரம் நிம்மதியாக மூச்சு விட்டு, அப்படியென்றால் திங்கட்கிழமையே வந்து ஓடச் சொல்லுங்கள் என்றார்.